படையலுக்கு வந்த விட்டில்

மலாயாவில் ஸ்கூடாய்ப் பக்கம் இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் வீரமுத்துவுக்குப் பால்மரம் வெட்டுவது அரை வேலைதான். மீதி அரை வேலை பூச்சி பிடிப்பது. பெரிய துரையும் சீமையிலிருந்த அவருடைய சிநேகிதரும் விக்டோரியா மகாராணி காலத்திலிருந்தே பூச்சிகளைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டவர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், இருவருக்கும் தலை நரைத்த பிறகும், அந்தக் கடிதச் சண்டை ஓயவில்லை. இவர் ஒரு விட்டிலை அனுப்புவார். அவர் அது பழைய இனம் என்று மட்டம் தட்டி எழுதுவார். துரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். உடனே வீரமுத்துவைக் கூப்பிடுவார்.

வீரமுத்துவின் இடுப்பில் எப்போதும் ஒரு மருந்துச் சீசா இருக்கும். பூச்சியை உள்ளே விட்டு மூடினால் சற்று நேரத்தில் செத்துவிடும். பிறகு சிறகை மடக்கி, முக்கோணக் காகிதத்தில் வைத்து, அந்துருண்டை போட்ட தகரப் பெட்டியில் அடுக்குவான். எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் அவனுக்குப் ‘பூச்சி’ என்றே பட்டப்பெயர். அவனும் சிரித்துக்கொள்வான், தன் கையின் வேகத்தில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தக் கைதான் அவனைக் கெடுத்தது.

மகள் சந்திரமதி ஐந்து வயதில் குளிர்காய்ச்சலில் போனாள். எட்டாம் துக்கத்தன்று விளக்கேற்றி, அவள் பாவாடையை மடித்து வைத்து, பிடித்த பணியாரம் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றார்கள். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகும் நேரம் அது. பிறகு தகப்பன்தான் முதலில் கதவைத் திறந்தான். கூரை இடுக்கு வழியாக வந்ததோ என்னவோ, பாவாடைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு விட்டில் உட்கார்ந்திருந்தது.

புத்தி விழிப்பதற்குள் கை அதைச் சீசாவில் போட்டு மூடிவிட்டது. பின்னால் வந்த மனைவி அங்கம்மா பார்த்தபோது அது உள்ளே கடைசியாக ஒரு தரம் படபடத்தது.

“ஐயோ, புள்ள வந்திருக்கா! தொறந்து விடுங்க!”

திறந்தான். செத்துத்தான் விழுந்தது.

வீட்டில் வைத்திருக்க அவனுக்குப் பயம். மகளை இரண்டாம் முறை மண்ணில் போடவும் மனம் வரவில்லை. துரையின் பெட்டியில் மற்றவற்றோடு வைத்துவிட்டான். துரை அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். அடுத்த கப்பலில் அது சீமைக்குப் போனது.

விஷயம் தெரிந்ததும் அங்கம்மா பங்களா வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“எம் புள்ளைய வாங்கிக் கொடுங்க தொர.”

துரை இரக்கமுள்ளவர்தான், திருப்பி அனுப்பும்படி எழுதினார். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயாசாமி அவளிடம் விளக்கினார்.

“இது யாருமே பார்க்காத புது இனமாம். ஊசி குத்திக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்களாம், தரமாட்டாங்களாம். தொர பேரையே அதுக்கு வச்சுட்டாங்க, அங்கம்மா.”

துரை சிரித்துக்கொண்டு நின்றார். ஆயுள் முழுதும் போட்ட சண்டையில் ஜெயித்த சிரிப்பு அது.

“அவளுக்கு நாங்க வச்ச பேரு இருக்குங்களே,” என்றாள் அங்கம்மா. “வேற பேரு சொல்லிக் கூப்பிட்டா அவளுக்கு எப்படித் தெரியும்?”

வீரமுத்து அன்றே சீசாவை ஆற்றில் எறிந்தான். ஆனால் அதன்பின் லயத்தில் எல்லா விளக்கையும் பூச்சி மொய்க்க, அவர்கள் வீட்டு விளக்கை மட்டும் ஒன்றும் அண்டவில்லை. மழைக்கு வரும் ஈசல்கூட அடுத்த வீட்டோடு நின்றது. தன் கையிலுள்ள அந்துருண்டை வாடைதான் விரட்டுகிறது என்று அவன் நம்பினான். அந்தி சாய்ந்ததும் சாம்பலும் மணலும் போட்டுத் தோல் உரியத் தேய்ப்பான். அங்கம்மா விளக்கை வாசலில் வைத்து, “சந்திரமதி, வாம்மா” என்று ரப்பர்க் காட்டைப் பார்த்துக் கூப்பிடுவாள். பிறகு அவன் கையை அவளிடம் நீட்டுவான்.

“இன்னும் வாடை அடிக்குதா?”

அவள் முகர்ந்து பார்ப்பாள்.

“அடிக்குது.”