கைப்பிடியில் தொங்கிய சாப்பாட்டுப் பை

கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவனுக்கு ஒரே ஒரு கேள்விதான்: கம்பியில் சப்ளை இருக்கிறதா, இல்லையா? பதிலைக் கீழேயே தெரிந்துகொண்டு ஏற வேண்டும். மேலே போய்த் தெரிந்துகொண்டவர்கள் யாரும் இறங்கி வந்து சொன்னதில்லை.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சில கிராமங்களுக்கு நான் லைன்மேன். ஓய்வு பெற இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. "இப்பவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டலாமா" என்று திங்கட்கிழமைதோறும் புலம்புகிற அத்தனை பேரும் என் சொந்தக்காரர்கள்தான். உங்களுக்கு மேனேஜரைக் கண்டால் பயம், எனக்குக் கம்பியைக் கண்டால் பயம். மேனேஜரிடமாவது மன்னிப்புக் கேட்கலாம். இந்தப் பயம் எனக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சோறு பத்திரம்

டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கும். கீழே இழுத்தால் லைனுக்குச் சப்ளை நிற்கும். மேலே தள்ளினால் வந்துவிடும். இழுத்ததும் பூட்டுப் போட வேண்டும் என்பது விதி. பூட்டெல்லாம் எந்தக் காலத்திலேயோ காணாமல் போய்விட்டது. அதனால் எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிறவன் தன் சாப்பாட்டுப் பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் ஏறுவான். பை தொங்கினால் மேலே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். மோட்டார் வைத்திருக்கிற விவசாயிகள் எல்லோருக்கும் இது தெரியும். பயிர் காய்ந்தாலும் பை தொங்கும்வரை ஒருத்தரும் தொட மாட்டார்கள்.

திருமுக்கூடல் பக்கம் ஒரு நாள் கம்பி அறுந்துவிட்டது. கைப்பிடியை இழுத்துப் பையை மாட்டிவிட்டு நாலைந்து கம்பம் தள்ளி ஏறியிருந்தேன். கீழே நின்று சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான் என் கூட்டாளி கஜேந்திரன். திடீரென்று அவன் கத்திக்கொண்டே வரப்பில் ஓடினான். மேலேயிருந்து பார்த்தேன். கைப்பிடியில் பையைக் காணோம். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, மோட்டார் போட வந்த விவசாயி இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்திருந்தார். என் கையில் கம்பி இருந்தது. இடுப்பில் பெல்ட், குதிக்கவும் வழியில்லை. கஜேந்திரன் போய் அவர்மேல் விழுந்து தடுத்தான்.

நான் இறங்கினேன். அந்த விவசாயியின் மனைவி மோட்டார் கொட்டகையிலிருந்து என் பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அந்தம்மாமேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முகத்தில் அவ்வளவு அக்கறை.

"கொரங்கு தூக்கிக்கினு பூடும்னு எட்த்து உள்ள வெச்சேண்ணா. பாரு, சோறு பத்திரமா கீது."

ஐஸ்கிரீம் உருகுது

அன்றையிலிருந்து பயம் என்னோடு குடித்தனம் நடத்த வந்துவிட்டது. வீட்டில் ஃபேன் சுவிட்சைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். குளிக்கும்போது குழாயைக்கூட நம்புவதில்லை. கம்பத்தில் பாதி ஏறியதும், கைப்பிடியைச் சரியாக இழுத்தோமா என்று ஒரு சந்தேகம் வரும். இறங்குவேன். பார்ப்பேன். சரியாகத்தான் இருக்கும். மறுபடி ஏறுவேன். பாதியில் மறுபடி அதே சந்தேகம்.

உத்திரமேரூர் பஜாரில் கூல்டிரிங்ஸ் கடை வைத்திருக்கும் பாய் எனக்கு வெகுநாள் பழக்கம். ஒரு நாள் அவர் கடைத் தெருக் கம்பத்தில் ஜம்பர் என்கிற இணைப்புக் கம்பி கருகி, சித்திரை வெயிலில் மொத்தத் தெருவும் வாசலில் நின்று என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். பாய் நெடுநேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார்.

"லைன்மேனு, ஏர்றதவிட இறங்கிறதே ஜாஸ்தியா கீதே. உங்க பேஜார் இன்னாவோ எனக்குத் தெரியாது, உள்ள ஐஸ்கிரீமு பாயசமா பூட்ச்சி."

கிளார்க்கம்மாவின் ஆலோசனை

இனிமேல் முடியாது என்று ஆபீஸில் கிளார்க்கம்மாவிடம் விருப்ப ஓய்வு பற்றி விசாரித்தேன். நல்ல மனுஷி. யாருக்கு எந்தச் சலுகை உண்டு என்று தேடித் தேடிச் சொல்லுவார். என் சர்வீஸ் போதும், மனு கொடுத்தால் கிடைத்துவிடும் என்றார். அப்புறம் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டார். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் காண்டிராக்டில் இருக்கிறான், எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடுவார்கள் என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப எழுதிக் குடுத்தா உங்களோட முடிஞ்சிதுண்ணா. சர்வீஸ்ல இருக்கும்போதே எதுனா ஒண்ணு ஆனாதான் வாரிசு வேல. யோசிச்சி பண்ணுங்க."

கொடுத்து வைத்தவர்கள்

வீட்டில் இதை வேடிக்கையாகச் சொன்னேன். என் மனைவி கஸ்தூரி சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அதற்கு முன்பெல்லாம் "ஏழு வருசந்தானே, ஓட்டிடு" என்பாள். அன்றிலிருந்து அதையும் சொல்வதில்லை. அவளும் மனசுக்குள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறாளோ என்று எனக்குள் ஒரு புழு நெளிந்தது. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். கம்பியைவிட இது பெரிய பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பையனுக்குப் பெண் பார்க்க ஐயங்கார்குளம் போனோம். பெண்ணின் அப்பா நெல் பயிர் வைக்கிறவர், மரியாதைப்பட்டவர். காண்டிராக்ட் வேலை என்றதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. காபி குடித்து முடிப்பதற்குள் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். உங்கள் வேலை பையனுக்கு வருமா என்று கேட்டார். வரும், ஆனால் அதற்கு நான் வேலையில் இருக்கும்போதே சாக வேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். பக்கத்தில் கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பெருமூச்சு விட்டார்.

"அதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கணுங்க."

கீழே நிற்கிறவன்

இதையெல்லாம் பார்த்து, மனுவைத் தள்ளிப்போட்டேன். ஏறுவதைக் கஜேந்திரனிடம் விட்டுவிட்டு நான் கீழேயே நிற்க ஆரம்பித்தேன். அவன் பை தொங்கினாலும் போதாது என்று கைப்பிடியையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு நிற்பேன். இனி யாராலும் தொட முடியாது, ஏழு வருஷத்தையும் இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

போன மாதம் வயல்வெளியில் அப்படி நின்றிருந்தபோது, பின்னால் வந்த டிராக்டர்காரர் வழி விடச் சொல்லி ஹாரன் அடித்தார். தூக்கிவாரிப் போட்டது. கை தானாக உதறியது. கைப்பிடி மேலே ஏறிவிட்டது. முழுக்க ஏறவில்லை, உச்சியில் இரும்பு இரும்பைத் தொடவில்லை. தொட்டிருந்தால் மேலே கஜேந்திரன். அவனுக்கு ஸ்கூல் படிக்கிற இரண்டு பெண்கள்.

கைப்பிடி கிரீச்சிட்டது அவனுக்குக் கேட்டிருக்கிறது. மெதுவாக இறங்கி வந்தான். கைப்பிடியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தன் பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினான்.

"மேல ஏர்றவன் பயந்தா அவனோட பூடும்ணே. கீழ நிக்கிறவன் பயந்தா மேல கீறவன் இன்னா பண்ணுவான்?"

தட்டில் போட்ட சோறு

மறுநாளே மனுவைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, டிராக்டர் ஹாரனிலிருந்து எல்லாவற்றையும் கஸ்தூரியிடம் சொன்னேன். வாரிசு வேலை இனி கிடையாது என்பதையும் நானே சொன்னேன், அவள் கேட்கிற வரைக்கும் காத்திருக்கத் தைரியம் இல்லை. அவள் என் சாப்பாட்டுப் பையைக் கொடியிலிருந்து எடுத்தாள். மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். திருமுக்கூடல் சம்பவத்திலிருந்து தினமும் சாயங்காலம் வாசலில் என் பை வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாளாம், அப்போதுதான் சொன்னாள். பேசாமல் இருந்ததும் கணக்குப் போட்டு இல்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம், அதைப் பார்த்து நான் இன்னும் பயந்து கம்பத்தில் கை நழுவிவிடுவேன் என்று இருந்திருக்கிறாள்.

"பையன் சோத்த அவன் சம்பாரிச்சிக்குவான். உனுக்கு இனிமே பையில கட்டல, தட்லயே போட்றேன், எதிர்ல ஒக்காந்து துன்னு."

வேலையை எப்போது விடுவது என்று என்னைக் கேட்டால், சாப்பாட்டுப் பையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகிற ஆள் நீங்களாகவே இருக்கும்போது விட்டுவிடுங்கள் என்பேன், அதுவும் ஓய்வு ஆர்டர் கைக்கு வரும்வரை தினமும் பையோடுதான் போயாக வேண்டும் என்பதை மறக்காமல்.