எந்த ஜெபம்?

மெதடிஸ்த பாடசாலையில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்த நான், இப்போது இறையியல் மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். ஒருநாள் மாணவர் ஒருவருடன் அச்சுவேலியில் ஒரு தாயைச் சந்திக்கப் போனேன். யுத்தத்தின் கடைசி நாட்களில் அவருடைய மகன் காணாமற்போயிருந்தான்.

மாணவர் ஜெபிக்க எழுந்தபோது தாய் கேட்டார்: "தம்பி, செத்தவனுக்கோ, உயிரோடை இருக்கிறவனுக்கோ ஜெபிக்கப் போறியள்?"

மாணவர் என்னைப் பார்த்தார்.

"என்ன ஜெபிக்கவேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ அம்மா," என்றேன்.

"அவன்ரை பேரைச் சத்தமாச் சொல்லுங்கோ. இஞ்சை இப்ப ஒருத்தரும் சொல்லுறேல்லை."

கண்களை மூடினோம். "ஆண்டவரே, ஜெயசீலன்..." என்றார் மாணவர்.

"ஆமென்," என்றார் தாய்.

ஜெபிக்கக் கற்பிக்கும் வகுப்பில், முதலில் அந்த வீட்டாரிடம் கேட்கத்தான் இப்போது கற்பிக்கிறேன்.