நல்லாக் கேக்குது மாமா

ஞானையனுக்குக் கோபம் வந்தால் முதலில் கையில் இருப்பதைக் கீழே வைப்பார். ஸ்பானரோ டீ கிளாஸோ, ஓசையில்லாமல் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அன்று அவர் கீழே வைத்தது டிரில் மெஷின்.

"படுக்க வைக்கியதா? படுக்க வச்சா அது எதுக்கு வே, துணி காயப் போடவா?"

இந்தப் பேச்சை வாங்கிக்கொண்டவர் படகின் சொந்தக்காரர் தாணுலிங்கம். பூதப்பாண்டிக்காரர். ஊரில் வயல் உண்டு. குளச்சலுக்குக் கிழக்கே கடற்கரையில் எட்டு அறை கொண்ட ஒரு விடுதியும் உண்டு. விடுதிக்கு வருகிறவர்களைத் தூண்டில் போடக் கூட்டிப்போவதற்காக, கோவாவிலிருந்து ஒரு பழைய விளையாட்டுப் படகை வாங்கி வந்திருந்தார். இருபத்தோரு அடி, பின்னால் ஒற்றை இன்ஜின், ஓட்டுகிறவர் தலைக்கு மேல் குழாய்ச் சட்டத்தில் ஒரு சிறு கூரை. அந்தச் சட்டத்தில்தான் வயர்லெஸ்ஸுக்கு ஆன்டெனா பொருத்த வேண்டும். எட்டடி நீளம், உள்ளே செம்பு, வெளியே வெள்ளை ஃபைபர். கரையில் அதை யாரும் ஆன்டெனா என்று சொல்வதில்லை. கம்பி என்பார்கள்.

"போட்டோவுக்குக் குறுக்க நிக்கும்வே," என்றார் தாணுலிங்கம். "ஒருத்தன் மீனத் தூக்கிப் பிடிச்சிட்டு நிப்பான். அவனுக்க தலையில ஈர்க்குச்சி முளைச்ச மாதிரி இது நிக்கும். பாக்கக் கொள்ளாமா?"

"போட்டு முங்கும்போ போட்டோ எடுப்பீரா?"

"நல்ல வார்த்தை ஒமக்கு வாயில வராதா?"

"நல்ல வார்த்தைக்கு வேற ஆளப் பாரும். எங்கிட்ட நீரு கம்பிக்காக்கும் வந்தீரு."

கம்பி நிமிர்ந்தே நின்றது. கூரைச் சட்டத்தின் இடப்பக்கத்தில், மடக்கவும் நிமிர்த்தவும் கூடிய ஒரு பிடிமானத்தில் ஞானையன் அதை நிறுத்தினார். கேபிளை ஒட்டுப் போடாமல் ஒரே இழையாக, இன்ஜின் வயர்களிலிருந்து விலக்கிக் கொண்டுபோனார். வேலை நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவர் பிறவிக் கோபக்காரர் அல்ல. வளைகுடாவில் ஒரு படகுத் தளத்தில் பதினோரு வருடம் இந்த வேலைதான் செய்தார். அங்கே அவரை வாய் பேசாதவன் என்றே நினைத்திருந்தார்களாம். திரும்பி வந்து, சித்தப்பா மகன் சிலுவைதாசனோடு வள்ளத்தில் கடலுக்குப் போகத் தொடங்கினார். ஒரு ஆடி மாதம் இன்ஜின் நின்றுபோய், இருவரும் இரண்டு பகல் இரண்டு இரவு நீரோட்டத்தோடு இழுபட்டார்கள். வயர்லெஸ் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. முதல் நாள் அதில் மீன் விலை கேட்டது, யார் வீட்டுக் கல்யாணத்திலோ பிரியாணி போதாமல் போன கதை கேட்டது. இரண்டாம் நாள் அவர்கள் பெயரே கேட்டது. 'ஞானையனுக்க வள்ளம் கெழக்க போயிருக்கும், கெழக்க பாருங்க' என்று பத்துக் குரல்கள். வள்ளம் மேற்கே போய்க்கொண்டிருந்தது. ஞானையன் மைக்கைப் பிடித்துத் தொண்டை கிழியக் கத்தினார். தன்னைத் தேடுகிறவர்களின் பேச்சை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டே, அவர்களுக்கு இல்லாதவராக இருந்தார். கொல்லத்துப் படகு ஒன்று தற்செயலாகப் பார்த்ததால் பிழைத்தார்கள்.

கரைக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது, கேபிளில் டேப் சுற்றிய ஓர் ஒட்டு பச்சைப் பாசியாக உளுத்திருந்தது. அந்த ஒட்டைப் போட்டவர் ஞானையன்தான். அதை அவர் சொல்வதில்லை, சிலுவைதாசன்தான் சொல்வார்.

அதற்குப் பிறகு அவர் வயர்லெஸ் பொருத்தும் வேலையை மட்டுமே செய்தார். அதற்குப் பிறகுதான் கோபமும். அந்தக் கோபம் முக்கியமாக ஒரு சொல்லின் மேல். வயர்லெஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டால் கரையில் எல்லோரும் சொல்லும் பதில், 'நல்லாக் கேக்குது'. யாருக்குக் கேட்கிறது, யார் குரல் கேட்கிறது என்று அந்தச் சொல்லில் இல்லை. பேசும் பெட்டியிலிருந்து சத்தம் வந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். கேட்பது ஒன்று, கேட்கப்படுவது வேறொன்று. மனிதர்கள் பொதுவாகவே இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான். ஆனால் நிலத்தில் அந்தக் குழப்பத்தோடு எண்பது வயது வரை வாழ்ந்துவிடலாம்.

தாணுலிங்கத்தின் படகை ஓட்டுகிறவன் லிபின், ஞானையனின் மகள் ஜெமியின் கணவன். முப்பத்திரண்டு வயது. கடலடிப் பாறைகளைப் பார் என்பார்கள். எந்தப் பாரில் எந்த மாதம் மீன் நிற்கும் என்று அறிந்தவன், அதிகம் பேசாதவன். கம்பி பொருத்தியபின் ஞானையன் தினமும் அவனைப் போனில் கூப்பிட்டார்.

"வயர்லெஸ் எப்பிடி?"

"நல்லாக் கேக்குது மாமா."

"அதக் கேக்கல்ல மடையா. நீ சொல்லுதது அவனுக்குக் கேக்குதா?"

"கேக்கும் மாமா."

இப்படி மூன்று வாரம் போனது. ஊர்ச் சர்ச்சின் பங்குத் திருவிழா வந்தது. அந்தக் கரையில் கிடக்கும் எந்தப் படகும் பழைய நிறத்தோடு திருவிழாவைப் பார்ப்பதில்லை. பூதப்பாண்டிக்காரரின் படகும் அங்கேதான் கிடந்தது. அவரே பெயிண்ட் டப்பாக்களை வாங்கிக் கொடுத்தார்.

திருவிழாச் சனிக்கிழமை காலை, அலையைத் தடுக்கக் கடலுக்குள் வளைத்துப் போட்ட தூண்டில் வளைவின் கற்களுக்கு உள்ளே கிடந்த சிலுவைதாசனின் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து, ஞானையன் அதன் வயர்லெஸ்ஸைத் திறந்தார். லிபினைத் தனியாக நாலு மைல் வெளியே போகச் சொல்லியிருந்தார். கோட்டயத்திலிருந்து வந்த நாலு விருந்தாளிகள் தொப்பியும் தூண்டிலுமாக மணலில் காத்து நின்றார்கள். பக்கத்தில் தாணுலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிபினு, லிபினு, பேசு."

இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடி கூப்பிட்டார். ஒரு முறை 'மா' என்று ஏதோ பாதி எழுத்து வந்து அணைந்தது. ஐந்தாவது முறைக்குப் பிறகு செல்போன் அடித்தது.

"மாமா, நீங்க கூப்பிட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேனே. ஒங்க சத்தம் பள்ளி மைக்கு மாதிரி நல்லாக் கேக்குது."

"கரைக்கு வா," என்றார் ஞானையன். மைக்கைக் கீழே வைத்தார்.

படகு வந்ததும் ஏறி, கேபிளின் இரு முனைகளையும் கழற்றிப் பார்த்தார். சுத்தமாக இருந்தன. பிடிமானத்தைப் பார்த்தார். பிறகுதான் அண்ணாந்து கம்பியைப் பார்த்தார். கூரைச் சட்டம் பளபளவென்று மின்னியது. கம்பியும் அதே மாதிரி மின்னியது. அடி முதல் நுனி வரை சில்வர் பெயிண்ட். நகத்தால் கீறினார், நகக்கண்ணில் அலுமினியத் தூள் ஒட்டியது.

உலோகத் தூளைக் கம்பிக்குச் சட்டையாகப் போட்டுவிட்டால் அலை வெளியே போகாது. திரும்பி வந்து பெட்டியையே தாக்கும். பெட்டி கெட்டுப்போகாமலிருக்கத் தன் குரலைத் தானே தணித்துக்கொள்ளும். கரையிலிருந்து பலமாக வரும் அலை மட்டும் அதற்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

"யாரு அடிச்சது இத?"

"நாந்தான் மாமா. நீங்கதான சொன்னிய?"

"நானா?"

"போன வெள்ளிக்கிழம. அடியிலிருந்து பூசி விடுன்னிய."

ஞானையன் சொன்னது 'கம்பிக்க அடியில பூசி விடு, உப்புத்தண்ணி எறங்கப்பிடாது' என்பது. பிடிமானத்தில் கம்பி இறங்கும் இடத்தில் வெள்ளைப் பசை பூசச் சொன்னார். போன் வந்தபோது லிபின் கையில் பெயிண்ட் பிரஷ் இருந்தது.

"ஏலே, கம்பிக்குப் பெயிண்டு அடிக்க எவனாவது சொல்லுவானாலே? கேக்கப்பிடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்து?"

விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிபினின் முகம் கறுத்தது.

"கேட்டேன். ரெண்டு தடவ திருப்பிக் கூப்பிட்டேன். 'சொன்னாக் கேளு, சொன்னதயே கேக்காத'ன்னு போன வச்சிட்டிய. மூணாந்தடவ கூப்பிட எனக்கென்ன பைத்தியமா?"

ஞானையன் வாயைத் திறந்தார். கீழே வைக்கக் கையில் ஒன்றும் இல்லை.

தாணுலிங்கம் நெருங்கி வந்தார். "மாமனும் மருமொவனும் வீட்டுல போயி அடிச்சுக்கிடுங்க. ஒரு பெயிண்டுக்கா இந்தப் பாடு? எல்லார் கையிலயும் செல்போன் இருக்குல்லா."

"செல்போன் அஞ்சு மைலு எடுக்கும். பாரு கிடக்கியது ஒம்பது மைலுல."

"இன்னைக்குக் காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. வந்து நிக்கவங்கள்ட்ட நான் என்ன சொல்லதுக்கு?"

"கம்பி செத்துப்போச்சுன்னு சொல்லும்."

"எனக்க கண்ணுக்கு அது நிக்கத்தான் செய்யுது."

ஞானையன் தன் பையைத் திறந்து இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்தார். யாரும் தடுக்குமுன் கம்பியை மடக்கி, தொடையில் தாங்கி, நடுவில் அறுத்தார். இரண்டு துண்டுகளையும் தாணுலிங்கத்தின் காலடியில் போட்டார்.

"இப்போ நிக்குதா?"

தாணுலிங்கம் துண்டுகளைக் காலால் தள்ளினார். "எறங்கும்வே. இனி எனக்க போட்டுல ஒமக்க காலு படப்பிடாது. லிபினு, ஏறு, எடு வண்டிய."

லிபின் சாவியைக் கூரைச் சட்டத்தில் தொங்கவிட்டான். "நான் போவல்ல அண்ணாச்சி. கம்பி வரட்டு." மாமனாரின் பக்கம் பார்க்காமலே மணலில் இறங்கி நடந்தான்.

அடுத்த கரையிலிருந்து பிரைட்டன் என்ற ஓட்டுநர் அரை மணி நேரத்தில் வந்தான். படகு போயிற்று. கம்பியே இல்லாமல் ஒன்பது மைல். பொய் சொல்லும் வயர்லெஸ்ஸைவிட இல்லாத வயர்லெஸ் மேல், இல்லை என்று தெரிந்தவன் எச்சரிக்கையாக இருப்பான் என்பது ஞானையனின் வாதம். அது சரியா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அறுத்தது வாதத்தினாலா வெறும் கோபத்தினாலா என்பது அவருக்கும் தெரிந்திருக்காது.

அன்று பகல் முழுவதும் அவர் சாப்பிடவில்லை. ஜெமி வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாள்.

"ஒங்க கோவத்துக்கு எனக்க மாப்பிள வேலையில்லாம நிக்கணும். ஊரு பாக்க அவர மடையன்னு சொல்லணும். சொல்லித் தந்தது நீங்க, தப்பு அவருக்கு. அப்பிடித்தான?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நாலரைக்குப் படகு திரும்பி வந்தது. ஒன்றும் ஆகவில்லை. விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். தாணுலிங்கம் ஞானையனுக்குக் கேட்கும்படி, "என்னவே ஆச்சு? ஒண்ணும் ஆவல்லயே," என்றார். கரையில் நாலைந்து பேர் அதையே திருப்பிச் சொன்னார்கள். காலையில் இருந்ததைவிட அப்போதுதான் ஞானையனுக்குக் கோபம் அதிகமாக இருந்தது. ஒன்றும் ஆகாத நாள் எதையும் நிரூபிப்பதில்லை. அவரும் சிலுவைதாசனும் அந்த உளுத்த ஒட்டோடு அதற்கு முன் நூறு முறையாவது ஒன்றும் ஆகாமல் திரும்பியிருப்பார்கள். இதை அவர்களுக்கு விளக்க அவரிடம் வார்த்தைகள் இல்லை. வசவுகள்தான் இருந்தன. அன்று அவற்றையும் சொல்லவில்லை.

ஆனால் பிரைட்டனுக்குப் பார் தெரியவில்லை. எட்டு மணி நேரத்தில் உள்ளங்கை நீளத்தில் மூன்று மீன்கள். விருந்தாளிகள் படகிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினாலும், விடுதியிலிருந்து போகும்போது சிரிக்கவில்லை. திங்கட்கிழமை தாணுலிங்கம் லிபினைக் கூப்பிட்டார். கம்பி வந்தால் வருகிறேன் என்றான் லிபின். செவ்வாய்க்கிழமை கொச்சியிலிருந்து புதிய கம்பி வந்தது. அதை வாங்கியவர் ஞானையன்.

புதன்கிழமை காலை லிபின் கூரைச் சட்டத்தில் ஏறி நின்றான். ஞானையனுக்குப் படகில் கால் வைக்க அனுமதி இல்லை. மூன்று முழம் தள்ளி, தூண்டில் வளைவின் கல்லில் நின்றார். சனிக்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசியிருக்கவில்லை.

"எந்த நட்டு மொதல்ல?" என்றான் லிபின்.

"கீழ உள்ளது."

"எவ்வளவு முறுக்கணும்?"

"கையால முறுக்கு. பொறவு ஸ்பானரால கால் சுத்து."

"கால் சுத்துன்னா இம்புட்டா?"

ஞானையனின் கழுத்து நரம்பு புடைத்தது. "இன்னும் கொஞ்சம்," என்றார். "ம், போதும்."

இப்படி முப்பது கேள்விகளாவது லிபின் கேட்டிருப்பான். சிலவற்றை வேண்டுமென்றே கேட்டான் என்று நினைக்கிறேன். அரை மணி நேர வேலை இரண்டு மணி நேரம் இழுத்தது. ஞானையன் எல்லாவற்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

பிறகு லிபின் படகை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஞானையன் சிலுவைதாசனின் வள்ளத்தில் உட்கார்ந்தார். நாலு மைலில் லிபினின் குரல் இன்ஜின் சத்தத்தோடு தெளிவாக வந்தது. ஏழு மைலில் வந்தது. ஒன்பதில், பார் கிடக்கும் இடத்திலிருந்து, கொஞ்சம் கரகரத்து வந்தது. தெற்கே எங்கோ இருந்த வேறு ஒரு வள்ளத்துக்காரர் நடுவில் புகுந்து, "யாருப்பா அது, மாமா மாமான்னு? வேற சேனலு போ," என்று எரிந்து விழுந்தார்.

"போதுமா மாமா? திரும்பட்டா?"

ஞானையன் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"இல்ல. இன்னும் ரெண்டு மைலு போ."