கண் பார்க்க வந்த டாக்டரம்மா

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். எங்கள் அம்மாவுக்கு அது பழமொழி இல்லை, சட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஆராதனையில் கண்ணீர் விடுகிறவள்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவாள். பாஸ்டருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், "அவரு வூட்டுல ஆடு கீதா?" என்பாள். அப்படிப்பட்டவளின் வாசலுக்கு, ஆட்டின் கண்ணைப் பார்ப்பதற்கென்றே ஒருத்தி ஸ்கூட்டரில் வந்து இறங்கினால் என்ன ஆகும்?

எங்கள் ஊர் திருப்போரூருக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கிறது. எங்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் வயல் இருந்ததில்லை. அப்பா நாவலூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. அம்மா கல்யாணமான புதிதில் கூலிக்கு நாற்று நட்ட வயல்களெல்லாம், நான் நடை பழகுவதற்குள் மனைகளாகிவிட்டன. மஞ்சளும் வெள்ளையும் அடித்த கற்களை நட்டு, வளைவு வைத்து, ஏதோ ஒரு நகர் என்று பெயர் எழுதிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். வீடு கட்ட யாரும் வரவில்லை. புல் வந்தது. புல்லுக்கு எங்கள் ஆடுகள் வந்தன. யார் யாரோ கனவு கண்டு வைத்திருந்த ஹாலிலும் பெட்ரூமிலும் அவை சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன.

வீடு அப்பா பெயரில் இருந்தது. டிவி அரசாங்கம் கொடுத்தது. அம்மாவுடையது என்று சொல்ல இருந்தவை அந்த ஆடுகள் மட்டும்தான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மழை ஓய்ந்ததும் ஆடுகள் சோர்ந்தன. ஒரு கிடாவுக்குத் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி வீங்கித் தொங்கியது. ஒருநாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. பின்னாலேயே இன்னொன்றும் போனது. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கடையிலிருந்து பூச்சி மருந்து வாங்கிவந்து எல்லா ஆட்டுக்கும் ஒரே மூச்சில் ஊற்றினார். வருஷா வருஷம் ஊற்றுகிற அதே மருந்து. மருந்துக்குப் பிறகும் ஓர் ஆடு செத்தது.

டாக்டரம்மா வந்தது அப்போதுதான். கால்நடைகளின் குடல் புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவராம். ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் பெட்டி. கோவளத்து மீன்காரம்மா என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அக்கா பாத்திரத்தோடு ஓடிவந்தாள். டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு, ஆட்டின் பின்பக்கம் விரலை விட்டு, புழுக்கையை எடுத்துச் சின்னப் பையில் கட்டி, அதை ஐஸ் மேல் பத்திரமாக வைத்ததைப் பார்த்ததும் அக்கா பாத்திரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இத்த எடுத்துகினு போயி இன்னா பண்ணுவீங்க?" என்றாள் அம்மா.

"முட்டை எண்ணுவோம்க்கா."

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவியது. எங்கள் ஆடு முட்டை போடுகிறதாம், அதை எண்ண ஆபீசர் வந்தாராம். டீக்கடையில் மாமாவிடம், "அண்ணாத்த, உங்க வூட்டு ஆட்டுல ஒரு ஆம்லெட் போடேன்" என்றார்கள். புழுவின் முட்டை என்று டாக்டரம்மா சொன்னது யாருக்கும் தேவைப்படவில்லை. ஆட்டின் முட்டைதான் சிரிக்க வசதி.

அம்மா சிரிக்கவில்லை. டாக்டரம்மா கிளம்பும்போது சொன்ன ஒரு வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தைத்திருந்தது. "ஏதாவது செத்துச்சுன்னா உடனே போன் பண்ணுங்கக்கா, புதைச்சிடாதீங்க."

"நல்லாருன்னு சொல்லிட்டுப் போறவள பார்த்துருக்கேன். செத்தா சொல்லுன்னு சொல்லிட்டுப் போறவள இப்பத்தான் பார்க்கறேன்" என்றாள் அம்மா.

அடுத்த முறை அவர் வந்தபோது சந்தேகத்துக்குத் தீனி கூடுதலாகவே கிடைத்தது. ஒவ்வோர் ஆடாகப் பிடித்து, கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்து, உள்ளே தெரிகிற சதையை ஓர் அட்டையோடு ஒட்டிப் பார்த்தார். அந்த அட்டையில் ரத்தச் சிவப்பில் தொடங்கி வெளிறிக்கொண்டே போகும் கட்டங்கள் இருந்தன. புழு ரத்தத்தைக் குடிக்கக் குடிக்க இமையின் உட்பக்கம் வெளுத்துப்போகுமாம். கண் வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் மருந்து ஊற்றினார், அதுவும் வேறு மருந்து. மற்றவற்றை அவிழ்த்துவிட்டார். அவிழ்த்துவிட்டதில் அம்மாவின் செவலையும் இருந்தது. மேய்ச்சலில் அம்மா குரல் கொடுத்தால் புல்லைத் துப்பிவிட்டு ஓடிவருகிற ஆடு அது. அப்போது வயிற்றில் குட்டி வேறு.

"இதுக்கு ஊத்தலியே?"

"கண்ணு நல்லா செவப்பா இருக்குக்கா. இதுக்குத் தேவையில்லை."

"அப்ப இது வயித்துல பூச்சியே இல்லியா?"

"கொஞ்சம் இருக்கும். இருக்கட்டும்."

'இருக்கட்டும்' என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமா மனை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிற தொழிலில் இருந்தவர். திருடன் கண்ணுக்குத் தெருவெல்லாம் திருடன் என்பார்களே, அந்தக் கண் அவருக்கு. "இன்னா மேடம், பூச்சிக்கும் பங்கு வெக்கறீங்களா?" என்று கேட்டார்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தை ஊற்றிக்கொண்டே இருந்தால் அதற்குச் சாகாத புழு மட்டும்தான் மிஞ்சும், அதன் குஞ்சும் சாகாது. மருந்து படாத புழு கொஞ்சம் இருந்தால்தான் அந்தச் சாகாத புழுவோடு கலந்து அதன் வம்சத்தின் திமிர் அடங்கும் என்று சொன்னார். "நீங்க ஊத்துற மருந்து உங்க ஆட்டுப் புழுவுக்குப் பழகிப்போச்சு."

"குடிகாரனுக்கு பிராந்தி பழகுன மாரியா?"

"அதேதான்."

 தாம் கிண்டலாகச் சொன்னதை ஒருவர் விளக்கமாக எடுத்துக்கொண்டால் கிண்டல்காரன் என்ன செய்வான்? டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அப்போது எனக்கு அது ஏதோ கதை மாதிரி இருந்தது. "ஒரே மந்தை, ஒரே புல்லுதான். ஆனா எல்லா ஆட்டையும் புழு ஒரே மாதிரி பிடிக்காது. ரெண்டு மூணு ஆடுதான் மந்தையோட பாரத்தை எல்லாம் வயித்துல சுமந்துகிட்டு நிக்கும். அது எதுன்னு கண்டுபிடிச்சாப் போதும்."

அவர் ஸ்கூட்டர் திரும்பியதும் மாமா தீர்ப்புச் சொன்னார். "அக்கா, ஆராய்ச்சின்னா ஒரு சாவு வேணும். செவலைய சும்மா விட்டுட்டு, அது எப்ப சாவும்னு பார்த்துகினு கீறா. அதான் போன் பண்ணச் சொல்றா."

அன்றிலிருந்து அம்மா, பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்திருந்த ஜெப எண்ணெயை எடுத்துச் செவலையின் இமைகளில் தடவ ஆரம்பித்தாள். அடுத்த முறை டாக்டரம்மாவின் விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தார். "தேங்காயெண்ணெய் வாசனை வருதேக்கா?"

"குளிர்ச்சிக்கு" என்றாள் அம்மா, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல்.

கடைசியில் எண்ணெயும் போதவில்லை. மார்கழியில் ஒருநாள், டாக்டரம்மா வருகிறார் என்று தெரிந்ததும் ஆடுகளை எல்லாம் வீட்டுக்குள் ஓட்டிக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைக்கத் தொடங்கினாள். என் வேலை உள்ளே செவலையின் வாயைப் பொத்திக்கொள்வது.

"ஆடுங்க மேய்ச்சலுக்குப் போயிகீது மேடம்."

வெளியே அம்மாவின் குரலைக் கேட்டதும் என் கைக்குள்ளிருந்து வாயைப் பிடுங்கிக்கொண்டு செவலை "ம்மே" என்று பதில் சொன்னது. குரல் கொடுத்தால் வருகிற ஆடல்லவா? அதைத் தொடர்ந்து மந்தையே பாடியது. டாக்டரம்மா சிரித்துவிட்டார். அம்மா வெட்கத்தோடு சட்டென்று எழுந்தாள். எழுந்தவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். முறம் சரிந்து அரிசி கொட்டியது.

நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா அம்மாவைத் தாங்கிப் பிடித்தார். பிறகு, ஆட்டுக்குச் செய்வதைப் போலவே, கட்டைவிரலால் அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். இந்த முறை அட்டையை எடுக்கவில்லை. குனிந்து காதருகில் ஏதோ மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அம்மாவின் பதில் மட்டும் தெரு முழுக்கக் கேட்டது.

"நான் இன்னா ஆடா? போ மேடம்! என் ஆட்டு மேல கண்ணு வெச்சது பத்தாதுன்னு என் மேல வேற வெக்கறியா?"

டாக்டரம்மா, கொட்டின அரிசியை முறத்தில் அள்ளி வைத்துவிட்டு, உள்ளே வந்து ஆடுகளின் கண்ணைப் பார்த்து முடித்துத்தான் போனார்.

ராத்திரி மாமாவுக்கு ஒரே பேஜாரு. "ஆட்டுக்கு வந்தது மனுசனுக்கும் வந்துட்ச்சா? ஆராய்ச்சி நம்ம மேலதானா?" என்று குதித்தார். அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். கமறவே இல்லை. கமறாவிட்டால் திருஷ்டி பலமாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் ஆடுகள் அதற்குப் பிறகு சாகவில்லை. கண் வெளுத்தவை தேறின. பொங்கலுக்குப் பிறகு செவலை இரட்டைக் குட்டி போட்டது. ஒரு சொட்டு மருந்து குடிக்காத செவலை! மாமா அதற்கும் காரணம் வைத்திருந்தார், ஜெப எண்ணெய். அம்மா மட்டும், குட்டிகளை நக்கிக்கொண்டிருந்த செவலையின் இமையைத் தானே இழுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, வாசல் வெளிச்சத்தில், சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் சவரக் கண்ணாடி முன் அம்மா நின்றிருந்தாள். தன் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்திருந்தாள்.

"இன்னாமா, கண்ணுல தூசியா?"

"ஆமாண்டி."

நான் முக்காலியில் ஏறி நின்று, பலம் கொண்ட மட்டும் ஊதினேன். அம்மாவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"போச்சா?"

"போச்சு" என்றாள்.

அடுத்த வாரம் அம்மா யாரிடமும் சொல்லாமல் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிப் போய்வந்தாள். கேட்டதற்குச் சொந்தக்காரர் வீடு என்றாள். எந்தச் சொந்தக்காரர் என்று நான் கேட்டதும் ஆடுகளுக்குத் தழை போட எழுந்துபோனாள். எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு அரிசிப் பானைக்குள் சிவப்பு மாத்திரைகள் சுற்றிய ஒரு காகிதத்தைப் பார்த்தேன். சந்தேகம் வளர்ந்தது.

எங்கள் வீட்டில் ஆராதனை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது ஈரல் வறுப்பார்கள். அப்பாவுக்கு, அண்ணனுக்கு, மாமாவுக்கு, எனக்கு என்று தட்டுத் தட்டாகப் போகும். அம்மாவுக்கு ஈரல் வாடையே ஆகாது. "குமட்டிகினு வருது" என்று, ஒட்டின மசாலாவில் சோற்றைப் போட்டுச் சட்டியைத் துடைத்துச் சாப்பிடுவாள். அது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும்.

அந்த ஞாயிறு, வெளியே எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, நான் சும்மா சமையலறைப் பக்கம் போனேன். அம்மா அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யாருக்கும் பரிமாறுவதற்கு முன்னால், சட்டியிலிருந்து ஈரல் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். குமட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நன்றாகப் பிடித்தவர்கள் சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன். மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டுக்காகக் காத்திருந்தபோது, அவர் பார்க்கிற மாதிரியே கண்ணைச் சுருக்கிக்கொண்டு சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எங்களிடம் பொய் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. எந்தப் பொய் என்பதுதான் புரியவில்லை.