எட்டாம் பக்கத்தில் இல்லாத பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. அன்றைக்கு எங்கள் பெண்கள் சங்கத்தின் பகுதி மாநாடு. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எல்லாக் கிளைகளும் ஒன்றுகூடும் நாள். மாநாடு என்றதும் பந்தல், கட்அவுட் என்று நினைத்துவிடாதீர்கள். நூற்றிருபது பேர், நாலு ஃபேன், அதிலும் ஒன்று ஓடாது. ஆனால் எனக்கு அது பெரிய நாள். நான் எழுதிய புத்தகம் அன்றுதான் வெளிவர இருந்தது.

புத்தகம் என்றால் முப்பத்திரண்டு பக்கம், அவ்வளவுதான். எங்கள் பகுதியில் சங்கம் வளர்ந்த கதை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கேட்டது, வேலை செய்யும் இடத்தில் கக்கூஸ் கேட்டது, குடித்துவிட்டு அடிக்கிற புருஷன் வீட்டு வாசலில் கும்பலாகப் போய் உட்கார்ந்தது என்று எத்தனையோ வருடப் போராட்டங்கள். இதையெல்லாம் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, "நீதான் நல்லா எழுதுவியே" என்று என் தலையில் கட்டினார்கள். கட்டினார்கள் என்று சும்மா சொல்கிறேன், எனக்கு வாயெல்லாம் பல். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறவள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் என் கையெழுத்தும் தமிழும் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், யாரும் சொல்லாவிட்டால் நானே சொல்லிக்கொள்வேன்.

ஆறு மாதம் அலைந்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் பிடித்து, பழைய தலைவர்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கதை கேட்டேன். கரையான் தின்றது போக மிச்சமிருந்த, கூட்ட விவரம் எழுதிய மினிட் நோட்டுகளைப் புரட்டினேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்தது.

அப்படிக் கிடைத்ததில் ஒரு சம்பவம் என்னை உலுக்கிவிட்டது. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் முன்பு ஒரு இறால் உரிக்கும் ஷெட் இருந்ததாம். வேலை செய்கிற அத்தனை பேரும் பெண்கள், ஆனால் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. காலையில் உள்ளே போனால் லோடு முடிகிறவரை கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மாசமாக இருந்த ஒரு பெண்ணுக்கு வேலை நடுவில் ரத்தப்போக்கு வந்து, குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அதற்குப் பிறகு நடந்த மறியலில்தான் ஷெட்டுக்குக் கக்கூஸ் வந்தது, கேட்டைப் பூட்டுவதும் நின்றது. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் முன்னாள் தலைவி. எண்பது வயதைத் தாண்டியவர். "அந்தப் பொண்ணு பேருதான் ஞாபகத்துக்கு வரலையேம்மா" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மினிட் நோட்டில் தேடினேன். மறியலில் கலந்துகொண்டவர்கள் என்று ஒன்பது பெயர்கள், கடைசியில் "மற்றும் ஷெட் பெண்கள்" என்று இருந்தது.

அதோடு விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், பெயர் இல்லாததே எனக்கு வசதியாகப் போயிற்று. உருக்கமாக எழுத இடம் கிடைத்ததே! சங்கம் போய்க் கேட்டை உடைத்து அந்தப் பெண்ணை மீட்டதாக எட்டாம் பக்கத்தில் விஸ்தாரமாக எழுதினேன். "பெயர் தெரியாத அந்தத் தோழியின் கண்ணீரில்தான் நம் சங்கம் முளைத்தது" என்று முடித்தேன். எழுதிவிட்டு நானே அழுதேன். பிரஸ்காரர்கூட, "படிக்கறப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா" என்றார். நான் தரையில் நடக்கவில்லை.

இந்த இடத்தில் டீக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கூட்டம் எங்கே நடந்தாலும் டீ போடுவது ஒரு அக்கா. அறுபது வயதை நெருங்கியவர், குப்பத்துக் கிளையைச் சேர்ந்தவர். ஊர்வலம் என்றால் முன்னால் கொடி பிடித்து நடப்பார். கூட்டம் என்றால் வாசலுக்கு வெளியே ஸ்டவ்வோடு உட்கார்ந்துவிடுவார். எல்லோருக்கும் அவர் டீக்கா. எனக்கும் டீக்காதான். பன்னிரண்டு வருடம் அவர் கையால் டீ குடித்திருக்கிறேன். "டீக்கா, எனக்குச் சக்கரை கம்மி" என்பதைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டது ரொம்பக் குறைவு. உறுப்பினர் ரசீது போடுவது அந்தந்தக் கிளையின் வேலை என்பதால், அவர் பெயரை எழுத வேண்டிய அவசியம்கூட எனக்கு வந்ததில்லை.

மாநாட்டுக்கு வருகிறேன். எங்கள் சங்கத்தில் ஒரு முறை உண்டு. எந்த அறிக்கையாக இருந்தாலும் முதலில் சபையில் வாசிக்க வேண்டும். பிறகு கிளைக்கு ஒருவர் எழுந்து கருத்துச் சொல்வார். திருத்தம் இருந்தால் சொல்லலாம், கை தூக்கச் சொல்லி முடிவு செய்வார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அச்சுக்குப் போகும். நானோ அவசரக்காரி. யார் திருத்தம் சொல்லப்போகிறார்கள், வாசிப்பது வெறும் சடங்குதானே என்று நினைத்து, ஐந்நூறு பிரதியை முன்கூட்டியே அடித்து வாங்கிவிட்டேன். கட்டுகள் மேடைக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடியிருந்தன. மதியம் விருந்தினர் வந்து வெளியிடுவதாக ஏற்பாடு.

காலையில் நான் பக்க எண்ணைச் சொல்லிச் சொல்லி வாசித்தேன். எட்டாம் பக்கம் வந்ததும் குரலைக் கொஞ்சம் தழைத்தேன். முன்வரிசையில் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்ததையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். கைதட்டல் அடங்கியதும் ஒவ்வொரு கிளையாகக் கூப்பிட்டார்கள். அருமை, சிறப்பு, தோழருக்கு வாழ்த்துகள் என்று எல்லாம் தேனாகப் பாய்ந்தது. குப்பத்துக் கிளையைக் கூப்பிட்டதும் வாசல் பக்கமிருந்து டீக்கா எழுந்து வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே மைக் முன்னால் நின்றார்.

"எங்க செக்ரட்ரிக்கு ஜொரம். என்னைப் பேசச் சொல்லிக்கீறாங்க. எட்டாம் பக்கத்துல ஒரு திருத்தம், தோயர்."

நான் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். ஏதாவது ஊர்ப் பெயர் தப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு பேரு தெரியாதுன்னு எயுதிக்கீற. ஏன் தெரியாது? அது நான்தான்."

எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். டீக்கா சாதாரணமாகப் பேசிக்கொண்டே போனார்.

"ஏயு மாசம் எனக்கு. கக்கூஸ் இல்லாததால காத்தாலேந்து ஒருத்தியும் தண்ணி குடிக்க மாட்டோம். அடக்க முடியலன்னா ஐஸ் ஒடைக்கிற எடத்துக்குப் பின்னால போவோம். ரெண்டு பேரு கோணியப் புடிச்சிகினு மறைப்பாங்க. அங்கதான் வயுக்கி வுயுந்தேன். ரெத்தமா போவுது. கேட்டைத் தொறடான்னு இவளுங்க கத்துறாளுங்க. லோடு முடியட்டும்ன்றான். அப்பால ஐஸ் ஒடைக்கிற கட்டைய எடுத்துகினு வந்து பூட்டை ஒடச்சாளுங்க. மீன் வண்டியில படுக்க வச்சித் தள்ளிகினே ஆஸ்பத்திரிக்கு ஓடுனாங்க. கேட்டை ஒடச்சது சங்கம்னு எயுதிக்கீற. சங்கம் வந்தது மூணா நாளு. வந்ததாலதான் கக்கூஸ் வந்துச்சு, அத்த நான் இல்லேங்கல. ஆனா பூட்டை ஒடச்சது ஆறு பேரு. அந்த ஆறு பேருக்கும் வேலை பூட்ச்சி. அத்தயும் எயுதணும்."

ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அப்பறம் இன்னாவோ கண்ணீர்ல முளைச்சுதுன்னு போட்டுக்கீற. நான் அயுவல. மறியல்ல போயி ரோட்டுல உக்காந்தேன். கொயந்த இல்ல, பாலு மட்டும் ஊறிகினே கீது. ரவிக்கை நனைஞ்சி, வெயில்ல காஞ்சி, மறுபடி நனையுது. அப்டியே உக்காந்துகினு இருந்தேன்."

நான் இரண்டு பிள்ளை பெற்றவள். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் உடம்பே ஒருமுறை கூசியது. ஆனாலும் என் புத்தி எப்படிப் போயிற்று பாருங்கள். முதலில் எனக்கு வந்தது கோபம். இத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாரே என்கிற கோபம். "ஏன்க்கா, இத்தனை நாள்ல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று மேடையிலிருந்தே கேட்டுவிட்டேன்.

"ஆறு மாசமா எல்லார் வூட்டுக்கும் போயி கேட்டுகினு வந்தியே. எங்க குப்பத்துக்கு வந்தியா நீ?"

போகவில்லை. அந்த ஆறு மாதத்தில் எத்தனை கூட்டம்! புத்தக வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பெருமையாகச் சொல்லிவிட்டு, அவர் நீட்டிய டீயை வாங்கிக் குடித்திருக்கிறேன்.

தலைமை தாங்கிய தோழர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "புக்கு அடிச்சாச்சே அக்கா. அடுத்த தடவை போடறப்போ கட்டாயம் சேத்துடலாம்" என்றார்.

டீக்கா துணி மூடிய கட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். "அடிச்சாச்சா? அப்ப இன்னாத்துக்கு எங்களைக் கேக்குறீங்க?"

தப்புப் பண்ணியவள் நான்தான். அடுத்த பதிப்பு என்று ஒன்று வரவே வராது என்பது எனக்குத் தெரியும். அந்த ஐந்நூறு பிரதி வீடு வீடாகப் போய்விட்டால், அந்த அக்கா காலத்துக்கும் பெயர் தெரியாதவர்தான். வேலை போன ஆறு பேர் நடக்காத கதையாகிவிடுவார்கள். எழுந்து மைக்கை வாங்கினேன். முறையை மீறி அச்சடித்தது என் தப்பு என்று சொன்னேன். திருத்தத்தை ஓட்டுக்கு விடுங்கள் என்று கேட்டேன். கை தூக்கச் சொன்னபோது என் புத்தகத்துக்கு எதிராக முதல் கையாக என் கையைத் தூக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் மண்டபம் முழுக்கக் கைகள்.

வெளியீடு சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. வந்த விருந்தினரைச் சாப்பிட உட்கார வைத்தோம். கட்டுகளைப் பிரித்துப் பாயில் பரப்பி, கிளைக்கு ஒரு கட்டாகப் பேனாவோடு உட்கார்ந்தார்கள். தப்பான வரிகளை அடித்துவிட்டு ஓரத்தில் கையால் எழுதுவது என்று முடிவு. எழுத வேண்டுமே, பெயர்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. நூற்றிருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பன்னிரண்டு வருடம் பழகிய ஒருவரிடம் போய், "அக்கா, உங்க பேரு இன்னா?" என்று நான் கேட்க வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கூனிக் குறுகியது வேறு எப்போதும் இல்லை.

அவர் சொன்னார். பூட்டை உடைத்த ஆறு பேரின் பெயர்களையும் விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். அதில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. முதல் பிரதியில் தன் பெயரை அவரே எழுதினார். எங்கள் சங்கத்து மாலை வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றவர், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி அழுத்தி எழுதினார். நான் அடுத்த பிரதியை எடுத்தேன்.

"கொயந்த பேரையும் எயுது" என்றார்.

"கொழந்தைக்குப் பேரு வச்சிருந்தீங்களாக்கா?" என்றேன்.

"ஆமா. பேரு வச்சிட்டோமே. பொண்ணு பொறந்தா இந்தப் பேருன்னு அவுங்க அப்பாவும் நானும் முன்னாலயே பேசி வச்சிருந்தோம். பொண்ணுதான் அது."

அந்தப் பெயரைச் சொன்னார். பிறகு என் தோளில் தட்டி, "எயுதும்மா, நேரமாவுது" என்றார். அந்தக் குழந்தையின் பெயரை முப்பது வருடமாக அவர் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை என்று அவர் மருமகள் பிறகு எனக்குச் சொன்னாள்.

இந்த அனுபவத்தை எழுதலாமா என்று அவரிடம் போய்க் கேட்டேன், இந்த முறை குப்பத்துக்கே போய். "எயுதிக்கோ. பேரு வேணாம். நம்ம புக்குல கீதே, போதும்" என்றார். அதனால் இங்கே எழுதவில்லை.

ஐந்நூறு பிரதியிலும் எழுதி முடிக்க அன்று மணி ஆறு ஆகிவிட்டது. சமத்துவம், சமத்துவம் என்று தொண்டை கிழியக் கத்திய நான், எனக்கு டீ கிளாஸை நீட்டிய ஒரு மனுஷியிடம் பெயர் கேட்கப் பன்னிரண்டு வருடம் எடுத்துக்கொண்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.