ஊதிக் காயவைத்த பசை

1. பிரிந்த ஜாயின்ட்

புதன்கிழமை காலை கடையைத் திறந்ததும் முதலில் அந்த ஃப்ளோர் டாமை, தரையில் கால் ஊன்றி நிற்கும் ட்ரம்மைத்தான் பார்த்தேன். முந்தைய நாள் மாலை நான் ஒட்டிய ஜாயின்ட் மேலிருந்து கீழ்வரை பிரிந்திருந்தது. ராப்பின் ஓரம் ஒரு விரல் அளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

ட்ரம்மின் மர உடலைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் மெல்லிய வண்ணத் தகடுதான் ராப். அதன் இரண்டு முனைகளும் ஓரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி ஒட்டியிருக்கும். அந்த இடத்தை நாங்கள் ஜாயின்ட் என்போம். பழைய ட்ரம்களில் முதலில் கைவிடுவது அந்த இடம்தான்.

கலியண்ணன் எனக்குப் பின்னால் வந்து நின்றார். கடை அவருடையது. கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் சவுண்ட் சர்வீஸ், பின்கட்டில் வாத்திய ரிப்பேர். பின்கட்டு என் பொறுப்பு.

"என்ன இன்ஜினியரு, நேத்தே முடிச்சாச்சுன்ன? இங்க வாயப் பொளந்துகிட்டு நிக்குது!"

"பசை பழசுண்ணே. புது டின் வாங்கிக்கிறேன்."

"பசை பழசு, மரம் பழசு, நீ மட்டும்தான் புதுசு."

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மெக்கானிக்கல் டிப்ளமோ. சென்னையில் ஒரு கம்பெனியில் ஒரு வருஷம் உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. திருவேட்டக்குடியிலிருந்து தினமும் பைக்கில் வந்து, ஸ்பீக்கர் தூக்கிக்கொண்டிருந்தேன். போனில் வெளிநாட்டு ட்ரம் ரிப்பேர் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, இது எனக்கு வரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ட்ரம் ஸ்டெல்லா டீச்சருடையது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ட்ரம்ஸ் வாசிப்பவர். அவருடைய அப்பா சொல்தா. பிரான்ஸ் பட்டாளத்தில் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்த செட் அது. பேஸ் ட்ரம், டாம், ஃப்ளோர் டாம் மூன்றும் முத்து வெள்ளை. அந்த வெள்ளை காலப்போக்கில் மூன்றிலும் ஒரே மாதிரி பழுத்துப் பாலாடை நிறத்துக்கு வந்திருந்தது.

"ஒண்ணுக்குப் புது ராப் போட்டா, மத்த ரெண்டும் அழுக்கா தெரியும். அப்புறம் மூணையும் உரிக்கணும். அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி" என்று டீச்சர் திங்கட்கிழமையே சொல்லியிருந்தார்.

வரும் ஞாயிறு சர்ச்சில் திருவிழாப் பூசை. கலியண்ணன் ஒரு கெடு வைத்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாரு. நிக்கலேன்னா பழசை உரிச்சுட்டுப் புதுசு ஒட்டிருவோம். டீச்சர்கிட்ட நான் பேசிக்கிறேன். மேடையில வச்சுப் பிரிஞ்சுதுன்னா கடை பேருல்ல போவும்?"

பழைய ராப்பை உரித்தால் முழுசாக வராது. சில்லுச் சில்லாகத்தான் வரும். திரும்ப ஒட்ட முடியாது. ஆக என் கையில் மூன்று நாள்.

2. சூட வாசனை

பசையைத் தேர்ந்தெடுக்கும் முன் ராப் என்ன பொருள் என்று தெரிய வேண்டும். இதை மட்டும் நான் ஒழுங்காகச் செய்திருந்தேன். உள்பக்கம் மறைந்திருக்கும் ஓரத்தைக் கட்டைவிரலால் பரபரவென்று தேய்த்து மோந்து பார்த்தேன். சூட வாசனை அடித்தது. பழைய செல்லுலாய்டு பிளாஸ்டிக்கில் சூடம் சேர்த்திருப்பார்கள்.

கலியண்ணனிடம் நீட்டினேன். அவரும் மோந்தார்.

"என்னடா, ட்ரம்முக்குத் தீபாராதனை காட்டுனியா?"

"காட்டுனா நாமளும் சேந்து எரிவோம்ணே."

அவர் நம்பவில்லை. ஹாட் கன்னால் சூடு காட்டி அமுக்கினால் ராப் படிந்துவிடும் என்பது அவர் யோசனை. நகத்துண்டு அளவு ஒரு சீவலை உள் ஓரத்திலிருந்து வெட்டி, கொல்லையில் ஒரு செங்கல்மேல் வைத்து, தள்ளி நின்று தீக்குச்சியைக் காட்டினேன். புஸ்ஸென்று ஒரு மஞ்சள் சுடர். அடுத்த நொடி செங்கல்மேல் ஒன்றுமில்லை. கலியண்ணன் உள்ளே போய் ஹாட் கன்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மற்ற பசைகளையும் யோசித்துப் பார்த்துத் தள்ளியிருந்தேன். தச்சர்களின் வெள்ளைப் பசை மரத்தைப் பிடிக்கும், வழவழப்பான பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. சொட்டு விட்டால் உடனே ஒட்டும் பசை காய்ந்தபின் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ட்ரம்மில் ஒவ்வொரு அடியும் அதிர்வு, சீக்கிரம் விட்டுவிடும். சுற்றிலும் வெள்ளையாக வேறு பூக்கும். இரண்டு ட்யூப் கலக்கும் எபாக்ஸி நிற்கும், ஆனால் பிறகு யாராவது பிரிக்க வேண்டியிருந்தால் ராப் கிழியும். மிஞ்சியது கதவுக்கு மைக்கா ஒட்டும் மஞ்சள் பசை. காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுபடும். ராப்பை அது கரைக்கிறதா என்று மறைவான ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தேன். சுருங்கவில்லை.

பசை சரி என்றுதான் நினைத்தேன். பிறகு ஏன் பிரிந்தது?

3. டீச்சரின் கிண்டல்

புதன்கிழமை புது டின் வாங்கினேன். பழைய மரத்துண்டில் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் பார்த்தேன். காலையில் ஒட்டியவை எல்லாம் மறுநாள் இழுத்ததும் கையோடு வந்தன. மதியம் ஒட்டிய ஒன்று மட்டும் கட்டிங் பிளேயரால் இழுத்தும் வரவில்லை. அதே பசை, அதே மரம், அதே கை. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

வியாழன் மாலை பள்ளிக்கூடம் விட்டு, சொட்டச் சொட்டக் குடையோடு ஸ்டெல்லா டீச்சர் வந்தார். நான் அடுத்த சோதனைத் துண்டில் பசை தடவி, வழக்கம்போல வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தேன்.

"ஏன் தம்பி, சூடா டீ ஊத்தி வச்சிருக்கியா? இப்புடி ஊதுற!"

"காய வைக்கிறேன் டீச்சர். பஞ்சர் கடையில இப்புடித்தானே செய்வாங்க."

"பஞ்சர் கடைக்காரர் வெயில்ல உக்காந்து ஊதுவாரு. நீ மழைக்குள்ள உக்காந்து ஊதுற. என் கண்ணாடியத் தொடைக்க நானும் இப்புடித்தான் ஊதுவேன். எதுக்குத் தெரியுமா? ஈரமாக்க!"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டைத் திருப்பி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் பசைமேல் பனி படிந்த மாதிரி ஒரு மெல்லிய வெண்படலம். பசையில் இருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. கடலோரத்து மழைக்காற்றே ஈரம். அதில் என் மூச்சு வேறு. அந்த ஈரம் அங்கே படிந்துவிடுகிறது. தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும். ஆனால் இரண்டு பசைப் பரப்பும் சந்திப்பதில்லை, நடுவில் தண்ணீர் நிற்கிறது. மதியம் ஒட்டிய அந்த ஒரு துண்டு ஏன் நின்றது என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. அதைத் தடவி வைத்துவிட்டு நான் டீ குடிக்கப் போயிருந்தேன். ஊத அங்கே ஆள் இல்லை.

வீடியோக்களில் யாரும் இதைச் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் யாரும் பசையை ஊத மாட்டார்கள்போல. நாம் சைக்கிள் ஓட்டக் கற்ற நாளிலிருந்து ஊதுகிறோம்.

டீச்சர் குனிந்து ட்ரம்மைப் பார்த்தார். "இது என்ன, இந்த எடத்துல மங்கலா இருக்கு?"

சொல்லாமல் விட்டிருக்கலாம், லைட் வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது. சொன்னேன். "தப்பு என்னுதுதான் டீச்சர். பழைய பசையை விரலால உருட்டி எடுக்கணும். அவசரத்துல தின்னர் தொட்டு எடுத்தேன். ஒரு சொட்டு முன்பக்கம் ஓடி, பளபளப்பைத் தின்னுட்டுது."

அவர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "நகம் அளவுதானே. அதை என் பக்கமா திருப்பி வச்சுக்கிறேன். மிச்சத்தையாவது பொறுமையா செய்யி" என்றார்.

4. பதினைந்து நிமிடம்

ஏசி ஓடினால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துவிடும். கடையில் ஏசி இருப்பது சவுண்ட் மிக்சர் சர்வீஸ் செய்யும் அறையில் மட்டும்தான். டீச்சர் கிளம்பியதும் ட்ரம்மையும் பசை டின்னையும் அங்கே கொண்டுபோய் வைத்தேன். ராத்திரி ஏசி ஓட வேண்டும் என்று கேட்டதற்கு, "ட்ரம்முக்கு ரூம் போட்டு ஏசியா? எனக்கே வீட்டுல ஃபேன்தான்டா" என்றார் கலியண்ணன். ஆனால் ரிமோட்டைக் கொடுத்தார்.

வெள்ளி காலை ஜாயின்ட் பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். மரம் பசையைக் குடிக்கும், அதனால் மரத்தில் இரண்டு கோட். ராப்பில் மெல்லியதாக ஒன்று. பழைய ராப் சுருங்கியிருந்தது. இழுத்துப் பிடித்து மூடினால் வெடிக்கும் என்பதால், அது எங்கே தானாக உட்கார்கிறதோ அங்கேயே விட்டேன்.

அடுத்து, காத்திருக்க வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். வாய் தானாகக் குவிந்தது. பதினைந்து நிமிடம். என் வாழ்க்கையில் நான் எதற்கும் அவ்வளவு நேரம் சும்மா நின்றதில்லை.

இந்தப் பசை தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் இரண்டு பரப்புக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து ஓரத்தை நேர்செய்தேன். பிறகு பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே துணி சுற்றிய பூரிக்கட்டையால் அழுத்தி உருட்டினேன். கடைசியில் பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி, ட்ரம்மைச் சுற்றி இறுக்கினேன்.

மாலை கெடு வந்தது. கலியண்ணன் புது ராப் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். ட்யூபை ஓரிடத்தில் விலக்கி, நகத்தை ஜாயின்டில் விட்டு நெம்பினார். இன்னொரு தடவை நெம்பினார். நகம் உள்ளே போகவில்லை. சுருளை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். அதுதான் அவருடைய பாராட்டு.

ஞாயிறு பூசைக்கு நான் ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும் சாக்கில் போனேன். பாட்டு ஒன்றும் காதில் விழவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஜாயின்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. மங்கிய இடம் டீச்சர் பக்கம் திரும்பியிருந்தது.

நான்கு வருடம் ஆகிறது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: எந்தப் பசை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், எந்தக் காற்று என்றும் கேளுங்கள். காற்றில் உங்கள் மூச்சும் சேர்த்தி.

என் பசை டின்மேல் 'ஊதாதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். போன மாதம் டீச்சர் அந்த செட்டின் பேஸ் ட்ரம்மைக் கொண்டுவந்தார். அதற்கும் ஜாயின்ட் விட்டிருந்தது. நான் பசை தடவி முடித்ததும் அவர் அந்த எழுத்தைப் படித்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பதினைந்து நிமிடமும் என் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றார்.