அத்தை சொன்ன பொய்

அத்தை தன் மகனை அடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உப்பு வாரும் பலகையின் மூங்கில் கழியால் முதுகில் ஒன்று, தோளில் ஒன்று, குனிந்தபோது பின்மண்டையில் ஒன்று. காலை முழுவதும் உப்பளத்தில் வாரிவிட்டு மதியக் கஞ்சிக்கு வந்த என் மாமியார், கழியைச் சுவரில் சாய்க்கக்கூட இல்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து, தொங்கிப்போன வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தேன்.

அது 2005, மரக்காணம். அரசு உதவிப் பொறியாளர் தேர்வுக்கு நானும் என் கணவரும் ஒரே புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தோம். இருவருமே சிவில். அவர் சாலை வேலையில் சூப்பர்வைசர். ஏற்கெனவே ஒருமுறை எழுதித் தோற்றவர். "சேர்ந்து படிப்போம், யாராச்சும் ஒருத்தர் பாஸானா போதும்" என்று கல்யாணமான புதிதில் அவர்தான் சொன்னார். அந்த ஒருத்தர் நானாக இருக்கலாம் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. மாறிமாறிக் கேள்வி கேட்போம். நான் சரியாகச் சொன்னால் புத்தகம் சுவரில் போய் விழும். பிறகு கன்னத்தில் அறை விழுந்தது. முதலில் மன்னிப்புக் கேட்டார். போகப்போக அதையும் விட்டார். தெரிந்த விடையைத் தெரியாததுபோல் காட்டிக்கொள்ள நானும் பழகினேன்.

அன்று மறந்துபோனேன். நடுவில் மட்டும் எடை தாங்கும் பீமின் கணக்கு. எட்டால் வகுக்கணும் என்றார் அவர். "இல்லைங்க, நாலு. லோடு முழுசா பரவி இருந்தாத்தான் எட்டு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எழுந்து அறைந்தார். கீழே விழுந்தவள் கதவு நிலையைப் பிடித்து எழப் பார்த்தேன். என் கை அங்கே இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் கதவை ஓங்கிச் சாத்தினார். இரண்டு முறை. "எழுதுவியா? இந்தக் கையால எழுதுவியா?" அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் அத்தை ஓடி வந்தார்.

ஆட்டோவில் என் கையை முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தார் அத்தை. ஆஸ்பத்திரியில் டாக்டர் விசாரித்ததும், "வரப்புல வழுக்கி வுழுந்துடுச்சுங்க" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். டாக்டர் நகர்ந்ததும் காதருகே குனிந்தார். "கேஸ் ஆனா அவனுக்கு எந்த கவர்மெண்ட் வேலையும் கிடைக்காதும்மா. சொல்லிடாத. பரீட்சைக்கு உன்ன நான் கூட்டினு போறேன்." எனக்காக மகனை அடித்தவர், மகனுக்காக என்னிடம் கெஞ்சினார். நான் தலையாட்டினேன்.

விடை வட்டங்களைக் கருப்பாக்கும் தேர்வு என்பதால் இடது கை போதும். மாவுக்கட்டோடு இரண்டு வாரம், பழைய செய்தித்தாள்களில் எழுத்துகளின் சுழிகளை நிரப்பிப் பழகினேன். கணவர் தன் ஹால்டிக்கெட்டைக் கிழித்து அடுப்பில் போட்டார். என்னுடையதை அத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே உப்பளத்துக்குப் போய்வந்தார். வியர்வையில் என் போட்டோ மங்கி, தேர்வறையில் மேற்பார்வையாளர் என் முகத்தை இரண்டு முறை உற்றுப் பார்த்தார். தேர்வு முடியும்வரை அத்தை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தார். அங்கிருந்து நேராகப் பிரம்மதேசத்தில் இருந்த என் தாய்வீட்டுக்குப் போய்விட்டேன். அத்தை தடுக்கவில்லை.

தேர்வானேன். வேலையில் சேரப் புறப்பட்ட காலையில் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு அத்தை வந்திருந்தார். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது புடவை விலகியது. முழங்கைக்கு மேலே நீலமாகக் கன்றியிருந்தது, நான்கு விரல் அகலத்துக்கு.

"அத்தை, இது..."

"நீ பாஸாயிட்டியாம். அதுக்கு எனக்கு அடி." புடவையை இழுத்து மூடிக்கொண்டார். "நான் பொய் சொன்னாலும் நீ கேஸ் குடுத்திருக்கணும்மா."

கண்டக்டர் இன்னும் ஏறவில்லை. என்னோடு வந்துவிடுங்கள் என்று சொல்ல நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. அத்தை வந்தால் பின்னாலேயே மகனும் வருவார் என்ற பயம். இன்று எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. அத்தை போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அன்று பஸ் நகர்ந்தபோது, வலிக்காத கையைத் தூக்கி எனக்கு ஆட்டினார்.